மீன் ஓடிடும்

ஏரிக்குள் நீண்டு கிடந்த பலகைத் துறையில் யாரும் பேசக் கூடாது. இது பூங்கா போட்ட சட்டம் இல்லை. பூங்காவின் சட்டங்கள் வாசலில் தகரத்தில் எழுதித் தொங்கின. நீந்தாதே, நெருப்பு மூட்டாதே, குப்பை போடாதே. பேசாதே என்பது அவள் கணவன் போட்டது.

"ட்ரவுட் மீனுக்கு உடம்பெல்லாம் காது," என்பான். "நீ கரையில இருமினா அது நடு ஏரியில திரும்பிப் பார்க்கும்."

கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் ஒரு உஷ் கிடைத்தது. அன்றிலிருந்து விடுமுறை என்றால் இந்த மலை, இந்த ஏரி, இந்த உஷ்.

நான்கு பேர் வருவார்கள். அவன், அவள், அவனுடைய அக்கா, அக்காவின் புருஷனான போஸ்ட்மாஸ்டர். ஆண்கள் இருவரும் துறையின் நுனியில் தூண்டிலோடு நிற்பார்கள். பெண்கள் இருவரும் பின்னால் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். பளிச்சென்ற நிறத்தில் எதுவும் உடுத்தக் கூடாது. அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர் ஒவ்வொரு முறையும் பெட்டியோடு வந்து பெட்டியோடு திரும்பும். ரப்பர் அடி வைத்த செருப்புதான் போட வேண்டும். பிளாஸ்கைத் திறப்பதென்றால் மூடியின் மேல் துண்டைப் போட்டுத் திறக்க வேண்டும்.

நாத்தனார் இதிலெல்லாம் தேறியவள். வேர்க்கடலையைத் துண்டுக்குள் வைத்து, துண்டோடு சேர்த்து அமுக்கி, ஓடு உடைகிற சத்தம் வெளியே வராமல் உரிப்பாள். மெல்லும்போதும் சத்தம் வராது. பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிற இவளுக்கு அது எப்படி என்று பார்த்ததுமே தெரிந்தது. நாத்தனார் கடைவாய்க்குக் கொண்டுபோவதே இல்லை. முன்பல்லால் கொறித்து, எச்சிலில் ஊறவைத்து விழுங்கினாள்.

இந்த முறை அவள் வந்தது காற்று வாங்க இல்லை. ஒரு பதில் வாங்க.

லேபின் முதலாளியம்மா துறைமுக ஊரில் இன்னொரு லேப் திறக்கிறார். அதை நீ நடத்து என்று அவளிடம் சொல்லியிருந்தார். இத்தனை காலம் அவள் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்கியது படிக்கட்டுக்கு அடியில், பிளாஸ்டர் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். தலைமுடியில் எப்போதும் வெள்ளைத் தூசி. புதிய இடத்தில் அவளுக்கு ஜன்னல் பக்கம் மேஜை. கீழே நாலு பேர். சாவி அவள் கையில். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரத்துக்குள் சொல்லிவிடு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

கணவனுக்கு மின்சார ஆபீஸில் வேலை. அதே ஆபீஸ் துறைமுக ஊரிலும் இருந்தது. மாற்றல் கேட்கலாம். நானும் வருகிறேன் என்று சொல்லலாம். நீ போ, சனி ஞாயிறு நான் வந்துபோகிறேன் என்றும் சொல்லலாம். போகாதே என்றாவது சொல்லலாம். அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

எதையும் அவன் சொல்லவில்லை. பேச்சை எடுத்தால் பசிக்குது என்றான். சோறு போட்டால் தூக்கம் வருது என்றான். கடைசியில், "மலைக்குத்தான போறோம்? அங்க ஹாயா உட்கார்ந்து பேசுவோம். இங்க என்ன அவசரம்?" என்றான். அவளும் நம்பினாள். மலைக்கு வந்த பின் கேபினில் உட்கார்ந்து அவனும் போஸ்ட்மாஸ்டரும் தூண்டில் முள்ளில் இறகு கட்டிக்கொண்டிருந்தார்கள். பூச்சி மாதிரி தெரிய வேண்டுமாம். அப்போதும் பேசக் கூடாது. நூல் நழுவிவிடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. வெயில் மேற்கே சாயத் தொடங்கிவிட்டது.

"என்னங்க," என்றாள்.

அவன் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் மட்டும் உயர்ந்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும்." குரலில் பாதி காற்று.

"சாயந்தரத்துக்குள்ள சொல்லணும்."

"இப்பதான் ஒண்ணு வந்து மோந்து பார்த்துட்டுப் போச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் இரு."

"காலையிலயும் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னீங்க."

"உஷ். மீன் ஓடிடும்."

போஸ்ட்மாஸ்டர் தலையை மட்டும் திருப்பினார். "விடு தங்கச்சி," என்று கிசுகிசுத்தார். "வீட்டுக்குப் போய் மைக் கட்டிப் பேசு. நான் மேடை போட்டுத் தரேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க அண்ணே. மேடையைக் காணோம்."

"உஷ்," என்றான் கணவன். இது இருவருக்கும்.

நாத்தனார் அவள் காதருகே குனிந்தாள். "ஒரு மீன் மாட்டட்டும். அப்புறம் பாரு, அவன் மனசு தானா இளகும். மீன் மாட்டாத ஆம்பளைகிட்ட எதையும் கேட்கக் கூடாது."

"மாட்டின அன்னிக்கு அதைப் பத்தியே பேசுறார், அண்ணி. மாட்டாத அன்னிக்கு ஏன் மாட்டலன்னு பேசுறார். நான் எப்ப பேசுறது?"

நாத்தனார் துண்டை அமுக்கினாள். உள்ளே ஒரு கடலை சத்தமில்லாமல் செத்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு துறை இருந்தது. அதில் ஒரு பெரிய குடும்பம். பிள்ளைகள் பலகையில் குதித்துக் குதித்து ஓடினார்கள். ஒரு கிழவர் ரேடியோ வைத்திருந்தார். ஒரு அம்மா யாரையோ கூப்பிட்டுத் திட்டிக்கொண்டே இருந்தாள். அங்கேதான் மீன் மாட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எத்தனை என்று அவள் பார்க்கவில்லை. மாட்டும்போதெல்லாம் கூச்சல் கேட்டது. கூச்சல் ஓயவில்லை.

"அங்க மட்டும் எப்படிங்க மாட்டுது?" என்றாள்.

"அது நிழல் பக்கம்."

"நேத்து நாம அங்கதான நின்னோம்?"

"நேத்து காத்து வேற." அவன் உதட்டைச் சுழித்தான். "சந்தைக்கடை மாதிரி இருக்கு. அதுல வந்து மாட்டுற மீனெல்லாம் மீனா? புத்தி கெட்டது."

தாடை இறுகியதை அவள் உணர்ந்தாள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு ரப்பர் போல ஓர் உறை செய்வார்கள். லேபில் அது அவள் வேலை. இப்போதெல்லாம் அவளே தாடை வலியோடுதான் எழுந்தாள். யார் யாருக்கோ செய்தவள் தனக்கு ஒன்று செய்துகொள்ளவில்லை. அச்சு எடுக்க இன்னொரு ஆள் வேண்டும். வாயைத் திற என்று சொல்ல ஓர் ஆள்.

எழுந்தாள்.

"எங்க?" என்றான்.

"போன் பண்ண. ஒரு நாள் டைம் கேட்கிறேன்."

"சரி. மெதுவா நட."

நடந்தாள். கால் பழக்கத்தில் நுனி விரலில்தான் போனது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

தூண்டில் வாடகைக் கடை, கழிப்பறை, கார்கள் நிற்கும் திடல் எல்லாவற்றையும் தாண்டி ஆபீஸுக்குப் பின்னால் போனால்தான் சிக்னல். அங்கே வரிசையாக சிமெண்டுத் தொட்டிகள். மீன்குஞ்சுகளை வளர்த்துப் பெரிதாக்கி ஏரியில் விடும் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியின் குறுக்கேயும் ஒரு பலகை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி தீனி வாளியோடு நின்றாள். தொட்டிச் சுவரோரம் ஒதுங்கி, இவள் முதலாளியம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, நான்தான். இன்னும் ஒரு நாள் டைம் கிடைக்குமா?"

"எதுக்கும்மா?"

"அதான், புது லேபுக்கு. வீட்ல இன்னும் பேசி முடிக்கல."

"என்னம்மா சொல்ற? உன் வீட்டுக்காரர் புதன்கிழமையே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரே."

"என்னன்னு?"

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தார்ல? நீ தொட்டியில கை கழுவிட்டு இருந்தே. என் ரூமுக்கு வந்தார். அவளால வர முடியாதும்மா, உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுறா, அதனால நான் சொல்றேன்னார். நீங்களா இந்தப் பேச்சை அவகிட்ட எடுக்காதீங்க, மனசு கஷ்டப்படுவான்னு வேற சொன்னார். நானும் உன்கிட்ட ஒண்ணும் கேட்கல. எவ்வளவு தன்மையான மனுஷன்."

"தன்மையாவா பேசினார்?"

"ரொம்ப. குரலே வெளிய வரல."

"வராதும்மா," என்றாள். "அப்படித்தான் பேசுவார்."

புதன்கிழமையை அவள் நினைத்துப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். போகும் வழியில் பழக்கடையில் நிறுத்தி அவளுக்குப் பிடித்த திராட்சை வாங்கினான். என்ன திடீரென்று என்று கேட்டாள். சும்மாதான் என்றான். திராட்சை இனிப்பாக இருந்தது. அவள் அதை ருசித்துத் தின்றாள்.

"அப்ப அந்த இடம் போயிடுச்சாம்மா?"

"நம்ம லேப் சுருட்டைகிட்ட கேட்கலாம்னு இருக்கேன். இன்னும் கேட்கல. சாயந்தரம் அவ வீட்டுக்குப் போறேன். நீ வர்றதா இருந்தா இப்பவே சொல்லிடு. எனக்கு நீதான் வேணும்."

வரேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை அவள் அங்கேயே நிறுத்தினாள். இங்கே நின்று சொன்னால், அவன் முதுகுக்குப் பின்னால் சொன்னதாகிவிடும். அவன் செய்ததும் அதுதானே. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துதான் இவரிடம் சொல்ல வேண்டும்.

"கால் மணி நேரம் குடுங்கம்மா. கூப்பிடறேன்."

"கண்டிப்பாக் கூப்பிடு. இல்லன்னா நான் கிளம்பிடுவேன்."

"நகரும்மா, தண்ணி தெறிக்கும்," என்றாள் தீனிக்காரி.

பூட்ஸ் காலோடு அவள் பலகையில் ஏறினாள். ஏறியவள் வாளியைத் தொடவில்லை. முதலில் காலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள். தொம், தொம், தொம். தொட்டியின் அடியில் கருப்பாகக் கிடந்தது முழுவதும் ஒரே கணத்தில் மேலே வந்தது. வாய்களாக வந்தது. தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது.

"வந்துட்டீங்களாடி? மிதிச்சாத்தான் எந்திரிப்பீங்களா?" என்று அவள் மீன்களைத் திட்டினாள். பிறகுதான் வாளிக்குள் கை விட்டாள்.

போனும் கையுமாக நின்ற இவள் அதைப் பார்த்தாள். பார்த்தது மண்டைக்குள் போகவில்லை. மண்டைக்குள் வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது.

திரும்பி நடந்தாள். திடலைத் தாண்டும்போது நடை வேகமெடுத்தது. கழிப்பறை வாசலில் நின்ற ஒருவர் வழி விட்டு ஒதுங்கினார். இவ்வளவு நாளும் அவன் அவள் வாயை அடைத்தான். அது ஒரு பக்கம். அடைத்த வாயிலிருந்து தானே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறான். அவளுடைய குரலில் அவனே பேசியிருக்கிறான். அதுவும் கூச்சப்படுகிறாள் என்று.

பலகையில் முதல் காலை வைத்தாள். நுனி விரலில் இல்லை. குதிகாலில்.

தொம்.

தூரத்தில் அவன் தோள் சுருங்கியது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி ஆட்டினான். மெதுவாக, மெதுவாக என்று.

தொம். தொம். தொம். ரப்பர் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று அவளுக்கே இதுவரை தெரியாது. நாத்தனார் கடலைத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏய், என்ன ஆச்சு உனக்கு?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"புதன்கிழமை லேபுக்கு எதுக்கு வந்தீங்க?"

"சத்தம் போடாத. உன்னைக் கூட்டிட்டு வரத்தான்."

"முதலாளியம்மா ரூமுக்கு எதுக்குப் போனீங்க?"

அவன் ரீலைச் சுற்றினான். சுற்ற அதில் ஒன்றும் இல்லை. "ராத்திரி கேபின்ல பேசுவோம்."

"சாயந்தரம் அந்தம்மா சுருட்டைகிட்ட கேட்டுடுவாங்க. ராத்திரி பேசி என்ன கிழிக்கப் போறோம்?"

"அக்கா இருக்கா. அத்தான் இருக்காரு."

"இருக்கட்டும். அவங்களுக்கும் தெரியட்டும். அண்ணே, கேளுங்க. என்னை ஒரு லேபை நடத்தச் சொன்னாங்க. நான் இவர்கிட்டக் கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லிட்டு நாயா அலைஞ்சேன். இவர் எனக்குத் தெரியாமப் போய், நான் வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டார். எனக்குச் சொல்லக் கூச்சமாம்."

போஸ்ட்மாஸ்டர் தண்ணீரையே பார்த்தார். தபால் வரவில்லை என்று வந்து கேட்கிறவர்கள் முன்னாலும் அவர் இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது.

"கூச்சம்," என்றாள் மறுபடி, கணவன் பக்கம் திரும்பி. "எனக்கு. உங்க வாயில இருக்கே முன்பல், அது யார் செஞ்சது? இதே மலையில பாறை வழுக்கி உடைச்சுக்கிட்டு நின்னீங்க. வாயைத் தொறங்க, நல்லாத் தொறங்கன்னு சொல்லி நான்தான் அச்சு எடுத்தேன். பக்கத்துப் பல்லோட நிறம் வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி செஞ்சேன். அந்தப் பல்லைக் காட்டிச் சிரிச்சுத்தான அந்தம்மாகிட்டப் பேசியிருப்பீங்க? தன்மையா?"

"உனக்கு சங்கடம் வேணாம்னுதான் நான்..."

"நான் வேண்டாம்னு எப்ப சொன்னேன்?"

"சொல்லல."

"வேணும்னு எப்ப சொன்னேன்?"

"சொல்லல. ஆனா..."

"சொல்ல விட்டாத்தான? வாயைத் தொறந்தா மீன் ஓடிடும், மீன் ஓடிடும். எங்க ஓடுது? ஓடட்டும்!" காலைத் தூக்கி மிதித்தாள். "போங்க! எல்லாம் ஓடிப் போங்க!"

மிதித்தாள். துறையே ஆடியது. நாத்தனாரின் பிளாஸ்க் சரிந்து உருண்டது. அவள் நிறுத்தவில்லை. கோபத்தில் கண் இருண்டு வந்தது. அதனால் தண்ணீரை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள்.

"டேய்," என்றார் போஸ்ட்மாஸ்டர். "கீழ பாருடா."

பலகைகளுக்கு அடியில், அவள் காலுக்கு நேர் கீழே, தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. ஏரியின் அடியிலிருந்து, பக்கத்துப் புதரோரத்திலிருந்து, நடுவிலிருந்து, முதுகு முதுகாக வந்துகொண்டிருந்தன. புள்ளி போட்ட பக்கங்கள் திரும்பித் திரும்பி மின்னின. வாய்களைத் திறந்து மேலே பார்த்தன. எங்கே தீனி என்று கேட்டன.

அப்போதுதான் பூட்ஸ் போட்ட கால் அவள் மண்டைக்குள் இறங்கியது. தொட்டியில் மிதித்து மிதித்து வளர்த்த மீன்கள். எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து வந்தவை. சத்தம் என்றால் அவற்றுக்குச் சோறு. சத்தம் இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

"சத்தத்துக்கு வருதுங்க," என்றாள். "சத்தம் கேட்டா ஓடாதுங்க. வரும்."

எதிர்த்துறையில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் மட்டும் ஏரியைத் தாண்டி வந்தது.

சிரிப்பு வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த வருஷம் இதே பலகையில் உட்கார்ந்திருந்தாள். விடுமுறையைப் பாதியில் முடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்க வாயெடுத்தாள். விரல் உயர்ந்தது. அப்புறம் கேட்கலாம் என்று விட்டாள். அடுத்த வருஷம் போய்ப் பார்க்க அப்பா இல்லை. எந்த மீனுக்காக அவள் அன்று வாயை மூடினாளோ அந்த மீன், அவள் கத்தி அழுதிருந்தால் காலடிக்கே வந்திருக்கும்.

"இன்னொரு தடவை மிதி," என்றாள் நாத்தனார். கிசுகிசுப்பாக இல்லை. துறையில் அவளுடைய முழுக் குரலைக் கேட்டது இதுதான் முதல் முறை. கரகரப்பான, பெரிய குரல்.

அவள் மிதித்தாள். தண்ணீர் மறுபடி பொங்கியது.

நாத்தனார் தன் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, நான் கடலையைத் துண்டுக்குள்ள வெச்சு உரிச்சேனே. அது யாருக்காக?"

நாத்தனார் துண்டை உதறினாள். ஒரு கடலையை ஓட்டோடு எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். வெடித்தது.

கணவன் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றான். பிறகு நிமிர்ந்தான். அவன் முகம் சிறுத்திருந்தது. பேசியபோது குரலில் காற்று இல்லை. சாதாரண மனிதக் குரல்.

"அங்க போனா நான் யாரு?" என்றான். "இங்க ஆபீஸ்ல என்னை எல்லாருக்கும் தெரியும். அங்க நான் புது ஆளு. சாவி கையில வெச்சிருக்கிறவளோட புருஷன். நீ தனியாப் போயிட்டா ராத்திரி அந்த வீட்ல நான் மட்டும். அதை எப்படி உன்கிட்ட வந்து சொல்றது? பயமா இருந்துச்சு. அதான்."

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை நாளில் அவன் இப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. இதை வீட்டில் சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்து கேட்டிருப்பாள். இப்போதும் கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். சரி, இதைப் பேசலாம், ஆனால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசலாம் என்று தொடங்கினாள்.

"சரி. நான் சொல்றதை..."

அவன் கண் அவள் முகத்தில் இல்லை. அவள் காலுக்குக் கீழே இருந்தது. ஒரு பெரிய மீன், கை நீளம் இருக்கும், பலகை இடுக்கில் மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பியது. அவன் கை தானாகத் தூண்டில் நரம்பை இழுத்து விட்டது. இறகு கட்டிய முள் சத்தமில்லாமல் அந்தக் கூட்டத்துக்கு நடுவே இறங்கியது.

"அப்படியே நில்லு," என்று கிசுகிசுத்தான். "நகராத. மிதி. நிறுத்தாம மிதி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் மெல்வதை நிறுத்தியிருந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"மிதின்னேன். போயிடும். சீக்கிரம்."

தாடை தானாகவே தளர்ந்தது. அவ்வளவு நாளும் இறுகிக் கிடந்தது ஒரு நொடியில் விட்டது. வாய் திறந்தபோது வார்த்தைகள் அடுக்கி வைத்ததுபோல் இருந்தன.

"இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு உங்களுக்கு மீன் பிடிச்சுக் குடுத்தேன். இனிமே காலால மிதிச்சுப் பிடிச்சுக் குடுக்கணுமா?"

"இது ஒண்ணு மட்டும். அப்புறம் பேசலாம். சத்தியமா."

"நான் புது லேபுக்குப் போறேன். உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. போறேன். நீங்க மாற்றல் வாங்கிட்டு வர்றதா இருந்தா வாங்க. வராட்டி போங்க. ஆனா இனிமே எனக்காக நீங்க போய் எங்கேயும் பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

"அத்தான் முன்னாடி இப்படி..."

"அண்ணே," என்றாள் போஸ்ட்மாஸ்டரிடம், "மேடை போட்டுத் தரேன்னீங்களே. இதே போதும். பலகை நல்லாத்தான் இருக்கு."

திரும்பினாள். நடந்தாள். ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைத்தாள். தொம், தொம், தொம். பலகை இடுக்கு வழியாகக் கீழே தெரிந்தது. முதுகுகள் அவளோடு வந்தன. அவள் நகர நகர அவையும் நகர்ந்தன. துறையின் நுனி காலியாகி, கூட்டம் முழுவதும் அவள் காலடிக்குக் கீழே கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஏய், நில்லு!"

அவள் நிற்கவில்லை.

"நில்லுடி! மீன் ஓடுது!"

கத்தினான். இந்தத் துறையில் நின்று அவன் கத்தியது அதுதான் முதல் தடவை. எதிர்த்துறையில் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். சொன்னதும் பொய் இல்லை. மீன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பின்னால் நாத்தனார் இன்னொரு கடலையை உடைக்கும் சத்தம் கேட்டது.

கரையில் பலகை முடிந்தது. மீன்கள் ஆழம் குறைந்த இடம் வரை வந்து, வயிறு சரளையில் உரசத் திரும்பின. அவள் திடலைத் தாண்டினாள். தொட்டிகளுக்குப் பக்கத்தில் தீனிக்காரி காலி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் போனைக் காதில் வைத்தாள். மணி அடித்தது. மறுபடி அடித்தது. மறுபடி. கிளம்பியிருப்பாரோ என்று நினைத்தாள்.

"சொல்லும்மா," என்றார் முதலாளியம்மா. பின்னணியில் வண்டிச் சத்தம். "இப்பதான் வாசலுக்கு வந்தேன்."

"வரேன்மா," என்றாள்.

"கேட்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னாள். தீனிக்காரி வாளியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.